ஜூராவுல ஒரு சின்ன ஒயின் பண்ணைக்கு முதல் தடவை போறீங்களா? இதைப் படிச்சுட்டு போங்க

முதல் தடவை ஜூரா போயிட்டு வந்தப்போ நான் ஆறு பாட்டில் வாங்கினேன், அதுல ரெண்டை கிச்சன் சிங்க்ல ஊத்தினேன். கெட்டுப்போச்சுன்னு நினைச்சுதான். வெள்ளை ஒயின்னு சொல்லி கொடுத்தாங்க, திறந்தா அக்ரூட் பருப்பு வாசனை, அடியில ஏதோ வறுத்த வெந்தயம் மாதிரி, கொஞ்சம் பழைய ஆப்பிள் மாதிரி. ரெண்டாவது பாட்டிலும் அதே வாசனை அடிச்சதும் மொத்த பெட்டியும் போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்த வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பிரெஞ்சுக்காரர் கிட்ட புலம்பினா அவர் சாப்பிட்டுட்டு இருந்த முள்கரண்டியை கீழ வச்சுட்டு என்னையே பாத்தாரு. அந்த ஒயின் அப்படித்தான் இருக்கணுமாம், அதுக்குத்தான் விலையாம்.

மிச்சம் நாலு பாட்டில் தப்பிச்சது. அதுக்கப்புறம் மூணு தடவை போயாச்சு. ஞாயித்துக்கிழமை போய் பூட்டின கதவைப் பாத்தது, திரும்பி வர ரயில் இல்லாம மாட்டினதுன்னு எல்லா தப்பையும் நானே பண்ணி முடிச்சுட்டேன், நீங்க பண்ண வேண்டாம்.

ஜூரா எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடறேன். பிரான்ஸோட கிழக்குல, பூர்கோன்யுங்கிற (பர்கண்டி) ஒயின் பகுதிக்கும் சுவிஸ் எல்லைக்கும் நடுவுல, வடக்குத் தெற்கா ஒரு 80 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையடிவாரத்துல ஓடுற சின்ன பட்டை. மொத்த திராட்சைத் தோட்டமும் சுமார் 2000 ஹெக்டேர்தான், போர்தோங்கிற பெரிய ஒயின் பகுதியோட ஒப்பிட்டா ஒரு மூலைக்குக் காணாது. இங்க நிறைய பண்ணையில புருஷன் பொண்டாட்டி, கூட ஒரு வேலையாள், அவ்வளவுதான். போன் எடுக்குறவரும் டிராக்டர் ஓட்டுறவரும் உங்களுக்கு கிளாஸ்ல ஊத்துறவரும் ஒரே ஆள். இதை மனசுல வச்சுக்கிட்டா கீழ சொல்றது பாதி தானா புரியும்.

1. எப்ப போறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். அறுவடை நேரம், யாரும் உங்களுக்கு நேரம் ஒதுக்க மாட்டாங்க, ஒதுக்கினாலும் கண்ணு கடிகாரத்து மேலதான் இருக்கும். செப்டம்பர் முதல் ஞாயிறு ஆர்புவா ஊர்ல பியூன்னு ஒரு திருவிழா நடக்கும், திராட்சைக் குலைகளைக் கட்டி ஒரு பெரிய குலையா செஞ்சு ஆளுங்க தோள்ல தூக்கிட்டு சர்ச்சுக்குப் போவாங்க, பாக்க நல்லா இருக்கும், நம்ம ஊர் தேரோட்டம் ஞாபகம் வரும். ஆனா ஒயின் வாங்கப் போற நாள் அது இல்ல.

பிப்ரவரி தொடக்கத்துல பெர்சே து வேன் ஜோன்னு ஒரு விழா. வேன் ஜோன்னா மஞ்சள் ஒயின், ஜூராவோட பேர் பெற்ற ஒயின், விவரம் அஞ்சாவதுல வருது. 1997-ல இருந்து நடக்குது, பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு ஊர், ஆறு வருஷத்துக்கு மேல மூடி வச்சிருந்த பீப்பாயை அன்னைக்கு ஓட்டை போட்டு திறப்பாங்க. டிக்கெட் முன்கூட்டியே எடுக்கணும், சுத்துவட்டாரத்துல ரூம் கிடைக்கிறது ரொம்ப கஷ்டம், குளிர் வேற எலும்பு வரைக்கும் போகும். கூட்டம் பிடிக்கும்னா போங்க. ஒரு பண்ணைக்காரர் கூட உக்காந்து பேசணும்னா அது சரியான நாள் இல்ல.

என்னைக் கேட்டா மே, ஜூன், இல்லன்னா நவம்பர் பாதிக்கு மேல. நவம்பர்னா இன்னொரு லாபம், மோந்த்தோர் சீஸ் கிடைக்கும், அது செப்டம்பர் 10-ல இருந்து மே 10 வரைக்கும்தான் விக்கலாம்னு விதி. ஆனா வருஷக் கடைசியில போனா சில பேர்கிட்ட சரக்கே இருக்காது. 2021 ஏப்ரல்ல அடிச்ச பனியில இந்தப் பகுதி பெரிய அடி வாங்குச்சு, அந்த வருஷ ஒயின் பல பண்ணையில பேருக்குத்தான் இருந்துச்சு. அதனால போறதுக்கு முன்னாடியே விக்க ஒயின் இருக்கான்னு கேக்கணும், அது கீழ மூணாவதுல வருது.

2. ஊரைத் தேர்ந்தெடுங்க

கார் இல்லன்னா ஆர்புவா, வேற யோசனையே வேண்டாம். ரயில் போகுது, ஊருக்குள்ளயே நிறைய டேஸ்டிங் இடம் இருக்கு, பூப்பியான்னு பக்கத்து கிராமம் 3 கிலோமீட்டர்தான், ஏத்தம் ஆனா திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல நடந்தே போயிடலாம், முக்கால் மணி நேரம். கார் இருந்தா ஷத்தோ ஷலோன் போங்க, பாறை உச்சியில உக்காந்திருக்கிற கிராமம், கீழ முழுக்க தோட்டம்.

இங்க ஒரு குழப்பம் வரும். ஷத்தோன்னு பேர் இருக்கறதால போர்தோ மாதிரி ஒரு மாளிகை, அதுக்கு ஒரு முதலாளி, ஒரு கேட்டுன்னு நினைச்சு தேடாதீங்க. அது ஊரோட பேரு, அதே பேர்தான் ஒயினுக்கும். அந்தப் பேர்ல வேன் ஜோன் மட்டும்தான் செய்யலாம், வேற ஒயின் செஞ்சா அந்தப் பேரைப் போடக்கூடாது. நான் மேப்ல மாளிகையைத் தேடி இருபது நிமிஷம் சுத்தினேன்.

ஒரு நாளைக்கு ரெண்டு பண்ணை, அவ்வளவுதான். மூணாவதுல நாக்கு ஒன்னும் சொல்லாது.

3. போன் பண்ணுங்க, நேரா போய் கதவைத் தட்டாதீங்க

ஊருக்குள்ள கவோன்னு போர்டு போட்ட கடை மாதிரி இடங்கள் இருக்கும், அதுக்கு ரொந்தேவூ, அதாவது முன்கூட்டியே நேரம் வாங்குறது, தேவையில்ல. ஆனா சின்ன பண்ணைக்கு ரொந்தேவூ இல்லாம போனா வீட்டு வாசல்ல நாய் மட்டும்தான் வரவேற்கும். ஒரு வாரம் முன்னாடி போன் பண்ணுங்க, மெயில் அனுப்பிட்டு காத்திருந்தா பதில் வராமலே போகலாம், பாவம் அவங்க பகல் முழுக்க தோட்டத்துல. மதியம் 12-ல இருந்து 2 வரைக்கும் போன் பண்ணாதீங்க, சாப்பாட்டு நேரம், பிரான்ஸ்ல அது சாமி நேரம் மாதிரி. ஞாயிறு பெரும்பாலும் மூடல்.

பிரெஞ்சு தடுமாறுதுன்னா இதை எழுதி வச்சு படிங்க: “போன்ஷூர், எஸ்க் ஸே பொஸிப்ள் த வெனீர் தெகுஸ்தே சம்தி மதேன்?” சனிக்கிழமை காலையில ருசி பாக்க வரலாமான்னு அர்த்தம். அடுத்து எத்தனை பேர்னு சொல்லுங்க, விக்க ஒயின் இருக்கான்னு கேளுங்க. எத்தனை பேருங்கறது முக்கியம். நாலு பேர்னு சொல்லிட்டு சித்தப்பா குடும்பத்தோட ஒன்பது பேரா போய் இறங்காதீங்க, அவங்க நிலவறையில அத்தனை பேர் நிக்க இடமே இருக்காது. வர முடியலன்னா கட்டாயம் போன் பண்ணி சொல்லிடுங்க, உங்களுக்காக ஒருத்தர் தோட்டத்துல இருந்து கிளம்பி வந்திருப்பாரு.

அன்னைக்கு சென்ட் அடிச்சுக்காதீங்க. மல்லிப்பூவும் வேண்டாம். மூக்குதான் அங்க வேலை செய்யணும்.

4. போற வழி, கையில இருக்க வேண்டிய பேப்பர்

பாரீஸ் கார் த லியோன் ஸ்டேஷன்ல இருந்து தோல்ங்கிற ஊர் வரைக்கும் தெஜேவே (TGV, அதிவேக ரயில்), ரெண்டு மணி நேரம் பக்கம். அங்க இருந்து தெஏஎர்ங்கிற (TER) உள்ளூர் ரயில்ல ஆர்புவா, சில சமயம் மூஷார் ஸ்டேஷன்ல மாறணும். முன்கூட்டி எடுத்தா தெஜேவே ஒரு வழிக்கு 30 யூரோ பக்கம் கிடைக்கும், கடைசி நேரத்துல அது ரெண்டு மடங்கைத் தாண்டிடும். பிரச்சனை தெஜேவே இல்ல, அந்த சின்ன ரயில்தான், ஒரு நாளைக்கு கொஞ்சம்தான் ஓடும், வார இறுதியில இன்னும் கம்மி. அதனால திரும்பி வர்ற ரயிலை முதல்ல பாருங்க, அப்புறம் ரொந்தேவூ போடுங்க. நான் தலைகீழா பண்ணி ஒரு ராத்திரி ரூம் வாடகை 85 யூரோ தண்டமா கட்டினேன். ஆர்புவா ஸ்டேஷன் ஊருக்கு வெளியில இருக்கு, இருபது நிமிஷம் நடக்கணும், திரும்பி வர்றப்போ கையில பெட்டி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

கார்ல போறவங்க இதை நல்லா படிங்க. பிரான்ஸ்ல ஓட்டுறவர் ரத்தத்துல ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் கீழ இருக்கணும். புதுசா லைசென்ஸ் எடுத்து இன்னும் பெர்மி ப்ரொபத்துவார்ங்கிற சோதனைக் காலத்துல இருக்கீங்கன்னா 0.2, அதாவது ஒரு கிளாஸ் கூட ஆகாது. 0.5-ஐ தொட்டா 135 யூரோ அபராதம், லைசென்ஸ்ல ஆறு பாயிண்ட் போகும், 0.8-ஐ தொட்டா அது குற்ற வழக்கு. டேஸ்டிங்தானே, ஒரு வாய் தானேன்னு நினைப்பீங்க. ஒரு ஊத்து 3 செந்திலிட்டர் (30 மில்லி), பத்து ஒயின் பாத்தா 30 செந்திலிட்டர், அது ரெண்டரை கிளாசுக்கு மேல, அதுலயும் வேன் ஜோன் 14, 15 சதவீதம். ஓட்டுறவர் துப்பணும், இல்லன்னா ஒருத்தர் குடிக்காம வரணும். வாடகை சைக்கிள் எடுத்தா தப்பிச்சுடலாம்னு ஒரு நண்பன் சொன்னான், சைக்கிளுக்கும் அதே 0.5 வரம்புதான்.

பேப்பர்னு பாத்தா, கார்ட் த செஜூர் (பிரான்ஸ்ல தங்குறதுக்கான அனுமதி அட்டை) இல்லன்னா பாஸ்போர்ட் கையில இருக்கணும், 18 வயசுக்குக் கீழ விக்க மாட்டாங்க, இளமையா தெரியுற தங்கச்சிக்கு ஐடி கேப்பாங்க. ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க ஷெங்கன் விசாவுல வர்றாங்கன்னா விசா கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்கு இன்சூரன்ஸ், உங்க வீட்ல தங்கினா மேரியில (நகராட்சி அலுவலகம்) எடுக்குற அத்தெஸ்தாசியோன் தக்கேய், அதாவது உங்க வீட்லதான் தங்குறாங்கன்னு சொல்ற சான்று. இந்திய லைசென்ஸ்ல டூரிஸ்ட்டா ஓட்டலாம், ஆனா கூட இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, வாடகைக் கார் கவுன்டர்ல அதைத்தான் முதல்ல கேக்குறாங்க, பிரான்ஸ் வந்து இறங்கினப்புறம் அதை எடுக்க முடியாது.

5. ருசி பாக்குறது

இதுக்குத்தான் இவ்வளவு தூரம். உள்ள போனதும் முதல்ல போன்ஷூர், அதை மறந்தா எல்லாமே கோணல். அப்புறம் நீங்க எதுவும் தெரிஞ்ச மாதிரி நடிக்க வேண்டாம், முதல் தடவைன்னு சொல்லிடுங்க, எனக்கு அப்படிச் சொன்ன அன்னைக்குத்தான் நல்லா சொல்லிக் கொடுத்தாங்க.

வரிசை உங்களுக்கு விசித்திரமா இருக்கும், இங்க சிவப்பு முதல்ல, வெள்ளை அப்புறம். மத்த ஊர்ல தலைகீழ். காரணம் எளிசு, ஜூரா சிவப்பு ரொம்ப மெலிசு, வெள்ளைதான் பலசாலி. புல்சார்னு ஒரு திராட்சை, பூப்பியான்ல அதை ப்ளுசார்னு சொல்வாங்க, கிளாஸ்ல பாத்தா ரோஸ்மில்க்ல தண்ணி ஊத்தின மாதிரி நிறம். கலப்படம்னு நினைக்காதீங்க, அதோட தோல் மெலிசு, நிறமே அவ்வளவுதான் வரும். அடுத்தது துரூசோ, கொஞ்சம் மிளகுத்தனமா, கொஞ்சம் கனமா இருக்கும். பினோ நுவாரும் உண்டு, அது பூர்கோன்யுல கிடைக்குறதுதான், அங்கயே வாங்கிக்கலாம்னு என் கருத்து.

வெள்ளைக்கு ரெண்டு திராட்சை, ஷார்தொனே, சவன்யான். இப்ப கவனிங்க, என் சிங்க் கதை இங்கதான் வருது. பீப்பாய்ல இருக்குற ஒயின் மெல்ல ஆவியாகும், மேல வெற்றிடம் வரும். சாதாரணமா அதை அப்பப்ப ஒயின் ஊத்தி நிரப்பிடுவாங்க, அப்படி நிரப்பினது உய்யே. அது பழ வாசனையோட, எலுமிச்சைத்தனமா, நீங்க எதிர்பார்க்குற வெள்ளை ஒயின். ஜூராவுல இன்னொரு வழி, நிரப்பாம அப்படியே விட்டுடுவாங்க. மேல ஈஸ்ட் ஒரு ஆடை மாதிரி படியும், காய்ச்சின பால் மேல படியுற ஆடையை நினைச்சுக்கோங்க. அதுக்கு வுவால்னு பேரு. அந்த ஆடை ஒயினை வினிகராகாம காப்பாத்தும், கூடவே அந்த அக்ரூட், வெந்தய வாசனையைக் கொடுக்கும்.

வெந்தயம்னு நான் சும்மா சொல்லல. சொடொலோன்னு ஒரு வேதிப்பொருள் இருக்கு, வெந்தயத்துக்கு அந்த வாசனையைக் கொடுக்குறது அதுதான், வேன் ஜோன்லயும் அதேதான் இருக்கு. பிரெஞ்சுக்காரங்க இதை முகர்ந்துட்டு கறி மசாலா வாசனைன்னு சொல்வாங்க, நம்ம மூக்குக்கு சரியா வெந்தயம்னே தெரியும். எங்கம்மாவுக்கு ஒரு தடவை கிளாஸை மூக்குகிட்ட காட்டினேன், குடிக்க மாட்டாங்க, முகர்ந்துட்டு “ஏண்டா இதுல வெந்தயத்தைப் போட்டிருக்காங்க”ன்னு கேட்டாங்க. அத்தனை வருஷம் ஒயின் குடிக்கிற என் பிரெஞ்சு நண்பர்களுக்கு அது பிடிபட்டதே இல்ல.

அந்த வழியோட உச்சம் வேன் ஜோன். சவன்யான் மட்டும்தான், அறுவடை முடிஞ்சு ஆறாவது வருஷக் கடைசி வரைக்கும் பீப்பாய்லயே கிடக்கும், விக்கிறது ஏழாவது வருஷம் ஜனவரி 1-ல இருந்து. 2018 அறுவடை 2025-ல வந்துச்சு, பனி அடிச்ச 2021-ஓடது 2028-லதான் வரும், இருந்தா. பாட்டிலும் தனி, கிளாவ்லேன், குட்டையா தோள் அகலமா, 62 செந்திலிட்டர். ஒரு லிட்டர் ஊத்தி வச்சா ஆவியானது போக கடைசியில மிஞ்சுறது அவ்வளவுதான்னு சொல்வாங்க.

கடைசியில இனிப்பு. வேன் த பாய், திராட்சையை ஆறு வாரத்துக்குக் குறையாம உலர்த்தி, கிட்டத்தட்ட கிஸ்மிஸ் ஆகுற நேரத்துல பிழியுறது, பாதி பாட்டில்லதான் வரும். மக்வேன்னு ஒன்னு, திராட்சை ஜூஸ்ல சாராயம் கலந்தது, இனிப்பா இறங்கும் ஆனா 16-ல இருந்து 22 சதவீதம், ஜாக்கிரதை.

துப்புறதுக்கு ஒரு பாத்திரம் வைப்பாங்க. துப்பறதை அவமரியாதைன்னு நாம நினைக்கிறோம், அங்க அது வேலை தெரிஞ்சவங்க பண்றது. கிளாஸ்ல மிஞ்சினதையும் அதுல ஊத்திடலாம், சாப்பாட்டை மிச்சம் வைக்கக்கூடாதுங்கிற நம்ம வளர்ப்பை அன்னைக்கு ஒரு நாள் மறந்துடுங்க.

6. லேபிளைப் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க

உய்யேன்னு எழுதியிருந்தா பழ வாசனை வகை. நத்யூரேன்னு போட்டிருந்தா அதுவும் சவன்யான்தான், பெரும்பாலும் நிரப்பின வகைக்கு அந்தப் பேரை வைக்கிறாங்க. த்ரதிசியோன், திப்பே, சூ வுவால், இப்படி ஏதாவது இருந்தா வெந்தய வகை. ஒன்னுமே எழுதலன்னா கேட்டே ஆகணும்: “எஸ்க் ஸே உய்யே?” இந்த ஒரு கேள்வி தெரிஞ்சிருந்தா என் சிங்க்குக்கு 36 யூரோ ஒயின் போயிருக்காது. ஷார்தொனேன்னு பாத்ததும் அது எப்பவும் சாதாரண வகைன்னு நினைச்சுடாதீங்க, ஷார்தொனேவையும் ஆடைக்கு அடியில வளர்க்குறவங்க இருக்காங்க.

ஆர்புவா, கோத் து ஜூரா, லேத்துவால், ஷத்தோ ஷலோன், இதெல்லாம் இடத்தோட பேர். ஆர்புவா 1936-ல வாங்கினது, பிரான்ஸ்ல இந்த ஊர்ப்பெயர் அங்கீகாரம் முதல்ல கிடைச்ச இடங்கள்ல ஒன்னு. வேன் த ஃப்ரான்ஸ்னு மட்டும் போட்டிருந்தா மட்டமான சரக்குன்னு தள்ளிடாதீங்க, விதிகளுக்குள்ள அடங்காம செய்யுற நல்ல ஆளுங்க சில பேர் வேணும்னே அப்படிப் போடுறாங்க, அதோட விலையைப் பாத்தா தெரிஞ்சுடும்.

7. எதுகூட எதைச் சாப்பிடுறது

முதல்ல கொம்தே. ஜூராவோட சீஸ், குறைஞ்சது நாலு மாசம் வயசு. இளசுன்னா ஷார்தொனே, 18, 24 மாசம் பழசுன்னா வேன் ஜோன் இல்லன்னா ஆடை வகை சவன்யான், கூட நாலு அக்ரூட். இது ஒன்னே போதும், ராத்திரி சாப்பாடே அதுதான்னு நான் முடிச்சிருக்கேன். வாங்குறதுக்கு போலினி நல்ல ஊர், ஃப்ருயித்தியேர்னு சொல்ற கூட்டுறவு கடைகள்ல கிலோ 20-ல இருந்து 30 யூரோ பக்கம், வயசைப் பொறுத்து. பக்கவாட்டுல பச்சைப் பட்டை, பிரவுன் பட்டைன்னு ரெண்டு இருக்கும், அது தரத்துக்குக் கொடுத்த மார்க், வயசு இல்ல. வயசைத் தனியா கேளுங்க, வெட்டறதுக்கு முன்னாடி ஒரு துண்டு சாப்பிடக் கொடுப்பாங்க.

சைவக்காரங்க கவனத்துக்கு, கொம்தேல பாலை உறைய வைக்கிறது கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற பொருள். இந்த ஊரோட மத்த பாரம்பரிய சீஸும் பெரும்பாலும் அப்படித்தான். எனக்கு இது நாலு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது, வீட்டுக்கு வந்த ஒரு சைவ நண்பருக்கு அதுவரைக்கும் சந்தோஷமா பரிமாறியிருக்கேன், இன்னும் அவர்கிட்ட சொல்லல.

புல்சாருக்கு மொர்த்தோ சாசேஜ், புகை போட்ட பன்றி இறைச்சி, அவிச்ச உருளைக்கிழங்கு. துரூசோவுக்கு மட்டன் சரியா வரும், நம்ம வீட்டு மிளகு வறுவல்கூட, ஆனா காரத்தைக் குறைச்சு. மோந்த்தோர் சீஸை மரப்பெட்டியோடவே அடுப்புல வச்சு, நடுவுல குழி பண்ணி வெள்ளை ஒயின் கொஞ்சம் ஊத்தி உருக்கி உருளைக்கிழங்கு மேல ஊத்தி சாப்பிடுவாங்க, அதுக்கு ஷார்தொனே. வேன் த பாயை கேக்கு கூட குடிச்சு வீணாக்காதீங்க, இனிப்பு மேல இனிப்பு திகட்டும், நீல சீஸோட குடிங்க.

ஊர்ல ஒரு வேளையாவது கோக் ஓ வேன் ஜோன் சாப்பிடுங்க, கோழி, கிரீம், மொரீல் காளான், வேன் ஜோன். ரெஸ்டாரன்ட்ல 25, 30 யூரோவுக்குக் குறைஞ்சு கிடைக்காது. வீட்ல செய்யலாம், ஆனா 40 யூரோ பாட்டிலை சட்டியில கவுக்க வேண்டாம், ஊர்க்காரங்களே ஆடை வகை சவன்யானைத்தான் சமையலுக்கு ஊத்துறாங்க, கடைசியில ஒரு கரண்டி மட்டும் வேன் ஜோன்.

நம்ம சாப்பாடோட? முயற்சி பண்ணியாச்சு. வெந்தயக் குழம்புன்னு ஆசைப்பட்டு வச்சேன், புளி ஒயினைக் கொன்னுடுச்சு, காரம் மிச்சத்தை முடிச்சுடுச்சு. தேங்காய்ப்பால் ஊத்தின கோழிக் குருமா, காரம் கம்மியா, புளி இல்லாம, தக்காளியும் கொஞ்சமா, அது பிரமாதம். மீன் சொதி இன்னும் நல்லா இருந்துச்சு. பாரீஸ்ல நம்ம கடைங்க இருக்குற லா ஷப்பேல்ல சாமான் வாங்கிட்டு வந்து ஒரு ஞாயிறு செஞ்சு பாருங்க.

8. வாங்குறது, எவ்வளவு ஆகும்

டேஸ்டிங் சில இடத்துல இலவசம், சில இடத்துல ஆளுக்கு 5-ல இருந்து 10 யூரோ, வாங்கினா அதைக் கழிச்சுடுவாங்க. இலவசம்னா ரெண்டு பாட்டிலாவது வாங்கிட்டு வாங்க, ஒரு மணி நேரம் நின்னு பத்து பாட்டில் திறந்து காட்டினவருக்கு மெர்சி மட்டும் சொல்லிட்டு வர்றது நல்லா இல்ல. பிடிக்கலன்னா கிரெமோன் வாங்குங்க, நுரை ஒயின், யார் வீட்டுக்கும் கொண்டு போகலாம்.

நான் பார்த்த விலை: கிரெமோன் 10-ல இருந்து 15, புல்சார், துரூசோ, ஷார்தொனே 12-ல இருந்து 20, ஆடை வகை சவன்யான் 18-ல இருந்து 25, வேன் ஜோன் 35-ல இருந்து 50, ஷத்தோ ஷலோன் அதுக்கு மேல. பேர் வாங்கின சில பண்ணைங்களோட பாட்டில் இதுல அடங்காது, அதைத் துரத்திட்டு போகாதீங்க, முதல் தடவைக்கு தேவையும் இல்ல. விலை பேசாதீங்க. சில பேர்கிட்ட கார்ட் மெஷின் வேலை செய்யாது, நெட்வொர்க் இல்லாத நிலவறை, 100 யூரோ ரொக்கம் வச்சுக்கோங்க. ஒரு ராத்திரி ரூம் 70-ல இருந்து 110. ரெண்டு பேர் பாரீஸ்ல இருந்து போய் ஒரு நாள் தங்கி, ஆறு பாட்டில், ஒரு துண்டு சீஸ்னு வந்தா 400-ல இருந்து 500 யூரோ பழுத்துடும்.

பில் கேட்டு வாங்குங்க, ஃபக்த்யூர்னு. உள்ளூர்ல தேவைப்படாது, எல்லை தாண்டினா அதுதான் சாட்சி. ஊர்ல இருந்து வந்த சொந்தக்காரங்க வரியைத் திரும்ப வாங்கலாமான்னு கேப்பாங்க. அந்த வரித் திருப்பத்துக்கு தெதாக்ஸ்னு பேரு, 100 யூரோவுக்கு மேல வாங்கினாத்தான், அதுவும் கடைக்காரர் அந்தப் பேப்பரைப் போட்டுத் தந்தாத்தான். சின்ன பண்ணையில போட மாட்டாங்க, கட்டாயமும் இல்ல. அதுக்காக சண்டை போட வேண்டாம்.

9. எல்லை தாண்டி கொண்டு போறது

இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் சுங்க வரி இல்ல. இங்கதான் கிளாவ்லேன் கை கொடுக்கும். 75 செந்திலிட்டர் பாட்டில்னா ரெண்டுதான், மூணாவது வச்சா 2.25 ஆகிடும். 62 செந்திலிட்டர் கிளாவ்லேன்னா மூணு, 1.86 லிட்டர். விமானத்துல கைப்பையில ஏத்த முடியாது, செக்-இன் பெட்டியில நடுவுல, துணி சுத்தி, அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கவர்.

லண்டன் சொந்தக்காரங்களுக்கு ஒயின் 18 லிட்டர் வரைக்கும் தாராளம். ஆனா சீஸ் கிடையாது, 2025 ஏப்ரல்ல இருந்து ஐரோப்பிய யூனியன்ல இருந்து பால் பொருள், இறைச்சி எல்லாம் தனி ஆள் கையில கொண்டு போக பிரிட்டன் தடை போட்டிருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க அரசாங்க சைட்ல ஒரு தடவை பாத்துக்கோங்க, இந்த விதியெல்லாம் மாறும். என் தம்பி யூரோஸ்டார் ஏறுறதுக்கு முன்னாடி முக்கால் கிலோ கொம்தேயை பிளாட்பார்ம் பெஞ்ச்ல உக்காந்து முடிஞ்ச வரைக்கும் சாப்பிட்டான்.

சுவிஸ் பக்கம்தான், கார்ல தாண்டிடலாம்னு தோணும், அங்க ஆளுக்கு 5 லிட்டர், அதுக்கு மேல போனா வரி. பிரான்சுக்குள்ள பண்ணையே பார்சல் அனுப்பும், கேட்டா செலவு சொல்வாங்க, ஆறுக்கு மேல வாங்கினா ரயில்ல தூக்குறதை விட அது மேல்.

10. வீட்டுக்கு வந்ததும்

பாட்டிலை உடனே திறக்காதீங்க, ரெண்டு வாரம் அசையாம இருக்கட்டும். வேன் ஜோனை ஃப்ரிட்ஜ்ல வச்சு சில்லுன்னு குடிக்கிறது நிறைய பேர் பண்ற தப்பு, வாசனையே வராது. 14, 15 டிகிரி, காலையிலயே கார்க்கை எடுத்து வச்சுட்டு ராத்திரி ஊத்துங்க. சின்ன அளவா ஊத்துங்க, விருந்துக்கு வந்தவங்க பாதி பேருக்கு முதல் வாய் பிடிக்காது, மூஞ்சியைப் பாத்தாலே தெரியும், கையில ஒரு துண்டு பழைய கொம்தே கொடுத்துட்டு ரெண்டாவது வாய் குடிக்கச் சொல்லுங்க. மிஞ்சினா கவலை வேண்டாம், ஆறு வருஷம் காத்தோட பழகின ஒயின், கார்க்கைப் போட்டு வச்சா வாரக்கணக்கா நிக்கும். என் வீட்ல ஒன்னு திறந்து அஞ்சாவது வாரம் ஓடுது, அடுத்த குருமாவுக்கு வச்சிருக்கேன்.